மஞ்சள் வயரும் பவானி ஜமக்காளமும்

புது கார் எடுத்தவர்கள் ஷோரூமிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போவார்கள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் அடுத்து வருவது எங்கள் தெருவுக்குத்தான். சென்னையில் எங்கள் தெரு என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அண்ணா சாலையிலிருந்து பிரிந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் அதை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஜி.பி. ரோடு. சீட் கவர், மேட், ஸ்டீரியோ, ஸ்டீரிங் கவர், ஹார்ன், கண்ணாடியில் தொங்கவிடும் மணி, டேஷ்போர்டில் ஒட்டவைக்கும் சாமி, எல்லாம் அங்கே கிடைக்கும். சீட்டின் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல், முன்னால் போட்ட மாலை வாடாமல் வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தே என் வயது போயிருக்கிறது.

அந்த முகங்களில் இருக்கும் சந்தோஷத்தை நான் எப்போதும் மதித்தே வந்திருக்கிறேன். ஒரே அச்சில் லட்சக்கணக்கில் வார்த்தெடுத்த வண்டிகளில் ஒன்றை வாங்கி, அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது செய்ய ஒருவர் ஆசைப்படுவது நியாயமான ஆசை. தவணை கட்டி முடிக்க ஏழு வருஷம் ஆகும் பொருள் அது. அதற்குள் உட்கார்ந்துதான் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறார், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிறார். சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பார்த்துச் சலிக்கும், வேறு நிறம் வேண்டும் என்று கேட்டால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் காருக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் அங்கே அப்படி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கைவைப்பவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், கேட்காமல் கைவைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வேலைக்கும் கூலி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது எனக்குப் பல வருஷமாக உறுத்தும் விஷயம்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் என் அம்மாவின் தம்பி. ஜி.பி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குஷன் கடை வைத்திருந்தார். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு அவர் வீட்டுக்கு வந்தவன், அப்படியே கடையில் நின்றுவிட்டேன். அப்போது சந்தில் நின்ற வண்டிகளில் பெரும்பாலானவை அம்பாசடர், மிச்சம் பத்மினி. மாருதி 800 வெளிவந்த புதிது. அதைத் தொட்டுப் பார்க்கவே பையன்கள் கூடுவோம்.

அம்பாசடரின் முன்சீட் ஒரே பெஞ்ச். கியர், ஸ்டீரிங் தண்டிலேயே இருக்கும் என்பதால் முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். அந்த சீட்டைக் கழற்றிச் சந்தில் போட்டுப் பழைய உறையைப் பிரிப்பதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. ஓரங்களில் உறையைக் கம்பியோடு சேர்த்து இறுக்கியிருக்கும் சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கொறடால் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். ரெக்சினை உரித்தால் அடியில் மக்கிப்போன ஃபோம், அதற்கடியில் தேங்காய் நார், அதற்கும் அடியில் கோணி, கடைசியில் துருவேறிய ஸ்பிரிங். நார்த்தூள் மூக்கில் ஏறிச் சாயங்காலம் வரை தும்மல் நிற்காது. காணாமல்போன சில்லறை, தோடு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்தக் கோணிக்குள் கிடைக்கும். கிடைத்ததை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, வண்டியோடு சேர்த்து ஓனர் கையில் கொடுத்துவிடுவார் மாமா.

இஞ்ச் டேப்பை எடுப்பதற்கு முன்னால் அவர் ஓனரை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்வார். "கிளட்சை முழுசா மிதிங்க சார். இன்னும். இப்ப முட்டி நீளுதா, மடங்கி இருக்கா?" என்று கீழே குனிந்து பார்ப்பார். எல்லோரும் கேட்பது ஒன்றே: மெத்தென்று இருக்க வேண்டும், இன்னும் ரெண்டு இஞ்ச் ஃபோம் போடுங்கள். முதுகுப்பக்கம் ரெண்டு இஞ்ச் ஏற்றினால் உடம்பு ரெண்டு இஞ்ச் முன்னால் வரும். உட்காரும் பக்கம் ஏற்றினால் கால் பெடலை விட்டுத் தள்ளிப்போகும், தலை கூரையை நெருங்கும். சாதாரணமாக ஓட்டும்போது இது தெரியாது. மாடு குறுக்கே வந்து பிரேக்கை அடியோடு மிதிக்க வேண்டிய ஒரு நாளில் தெரியும். அதனால் மாமா டிரைவர் சீட்டைக் கொஞ்சம் கெட்டியாகவே கட்டுவார். நகைக்கடைக்காரர் ஒருவர் சிவப்பு வெல்வெட்டில் பொத்தான் வைத்துச் சோபா தினுசில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது, பின்சீட்டை அவர் கேட்டபடியே செய்து, முன்சீட்டில் நிறத்தை மட்டும் சேர்த்து வடிவத்தை விட்டுவிட்டார். "பின்னாடி நீங்க ராஜா. முன்னாடி உங்க டிரைவர் வேல பாக்கணும் சார்" என்றார். நகைக்கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

ரெக்சின் வெயிலில் சுடும், வேர்வையில் வழுக்கும். அந்தக் காலத்து அரசாங்க வண்டிகளில் பின்சீட்டுக்கு வெள்ளை டர்க்கி டவல் போட்டிருப்பதைப் பதவிக்கான அடையாளம் என்று பலர் நினைப்பார்கள். முதுகு ஒட்டாமல் இருக்க அதைவிட நல்ல வழி அன்று இல்லை. மாமா சீட்டின் நடுப்பாகத்துக்கு மட்டும் துணி வைத்துச் சுற்றிலும் ரெக்சின் கொடுப்பார். வழுக்காது, காற்றும் போகும், ஓரம் சீக்கிரம் கிழியாது. இன்று விலை உயர்ந்த வண்டிகளில் துளை போட்ட தோலை நடுவில் வைத்துத் தைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவின் ஞாபகம் வரும்.

அவர் செய்ததிலேயே எனக்குப் பிடித்த வேலை ஒரு பத்மினி. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் குடியேறிய, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவருடைய வண்டி. அவர் கையில் ஒரு பவானி ஜமக்காளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். சிவப்பு, பச்சை, நீலம், இடையில் மெல்லிய மஞ்சள் பட்டை. வண்டி முழுக்க இது இருக்க வேண்டும், சீட்டிலும் தரையிலும், என்றார். மாமா ஜமக்காளத்தை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சீட்டுல போட்டா தொடைல கீறும் டீச்சர். முன்னாடி தரைல போட்டா சுருண்டு பெடலுக்கு அடில போயிடும். அத நான் செய்ய மாட்டேன். மத்த எடத்த எங்கிட்ட விடுங்க."

நான்கு கதவின் உள்பலகைகளுக்கும் ஜமக்காளத்தின் பட்டை நேர்க்கோட்டில் வரும்படி வெட்டி இழுத்துக் கட்டினார். முன்கதவில் ஓடும் சிவப்புப் பட்டை பின்கதவிலும் அதே உயரத்தில் தொடர வேண்டும். அதற்காக ஒரு பலகையைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். பின்பக்கத் தரைக்கு ஒரு துண்டு, நான்கு மூலையிலும் பிரஸ் பட்டன் வைத்துக் கீழ்விரிப்போடு பூட்டியது. சீட்டுக்குக் கெட்டியான பருத்தித் துணி, ஜமக்காளத்தில் இருந்த நீலத்திலேயே எடுத்தது. ஓரத்து பைப்பிங் மட்டும் அந்த மஞ்சள். டிரைவர் காலடியில் பழைய கறுப்பு ரப்பர் மேட், தொடாமல் அப்படியே. டீச்சர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் தன் அம்மா வீட்டுக் கூடம் என்றார். வண்டிக்குள் எது அழகு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் மனசில் வருவது அந்தக் கதவுப் பலகைதான். நாலு நிறத்தை வைத்துக்கொண்டு எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

துணி எடுக்கும்போது மாமாவிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. புது ரோல் வந்தால் ஓரத்தில் விரலளவு வெட்டிச் சந்துக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சி வைப்பார். சில நைலான் வெல்வெட் சட்டென்று பிடித்து, உருகிச் சொட்டுச் சொட்டாக எரிந்தபடியே விழும். அந்த ரோலைத் திருப்பி அனுப்பிவிடுவார். இதற்கென்று உலகத்தில் விதி இருப்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியவந்தது. அமெரிக்காவில் 1972 முதல் அமலில் இருக்கும் 302ஆம் எண் விதிப்படி, வண்டிக்குள் பயன்படுத்தும் துணியைப் படுக்கை வாட்டில் பிடித்துக் கொளுத்தினால் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. இந்தியாவிலும் வண்டி தயாரிப்பவர்களுக்கு அதே மாதிரியான தரக்குறிப்பு இருக்கிறது. கம்பெனியில் போட்டு வரும் சீட் துணி இந்தப் பரீட்சையில் தேறி வந்தது. அதற்குமேல் நாம் மாட்டும் உறை எதில் தேறியது என்று கடைக்கு வருபவர்கள் கேட்பதில்லை. நல்ல கடைக்காரர் கேட்காமலே சொல்ல வேண்டும்.

1994 முதல் புது கார்களின் முன்சீட்டில் பெல்ட் கட்டாயமானது. சில வருஷத்தில் பின்சீட்டிலும் பெல்ட் வர ஆரம்பித்தது. எங்கள் தெருவில் இது ஒரு தலைவலியாகத்தான் பார்க்கப்பட்டது. பின்சீட்டின் இடுக்கிலிருந்து மூன்று பக்கிள் நீட்டிக்கொண்டிருந்தால் சீட் கவர் சப்பென்று படியாது. அதனால் பக்கிளை எல்லாம் சீட்டுக்கு அடியில் அழுத்திவிட்டு, மேலே வழவழவென்று உறையை இழுத்துக் கட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மாமா ஒவ்வொரு பக்கிளுக்கும் உறையில் ஒரு வாய் வெட்டி, அதைச் சுற்றிப் பொத்தான் காஜா மாதிரி தைப்பார். ஒரு செட்டுக்கு முக்கால் மணி நேரம் கூடுதல். "பின்னாடி யாருங்க பெல்ட் போடப் போறா? மூடித் தச்சிடுங்க" என்று வாடிக்கையாளர்களே சொல்வார்கள். மாமா பதில் சொல்ல மாட்டார், வெட்டித் தைத்துவிடுவார். அவரிடம் வாங்கிப் போன யாரும் அதைப் பிரித்து மூடித் தரச்சொல்லித் திரும்பி வந்ததில்லை.

2022 செப்டம்பர் 4ஆம் தேதி, மும்பை ஆமதாபாத் நெடுஞ்சாலையில் பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்துபோனார். பின்சீட்டில் இருந்த இரண்டு பேருமே பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது, இருவருமே பிழைக்கவில்லை. முன்சீட்டில் பெல்ட்டோடு இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது அதற்கு முன்பே சட்டத்தில் இருந்தது. அந்த வாரம் எங்கள் கடையில் நடந்த வேலையெல்லாம் ஒரே வேலை: சீட் கவருக்கு அடியில் புதைந்திருந்த பக்கிள்களைத் தோண்டி எடுத்தல். சிலவற்றில் பிஸ்கட் தூளும் காபியும் சேர்ந்து இறுகிப் பொத்தானே அமுங்கவில்லை. ஒரு வண்டியில் நடு பக்கிளை வெட்டியே எடுத்திருந்தார்கள், உறை நேராக நிற்பதற்காக.

பெல்ட் போடாவிட்டால் கூவும் மணியை ஏமாற்ற ஒரு கிளிப் விற்பார்கள். பக்கிளுக்குள் செருகினால் வண்டி பெல்ட் போட்டாயிற்று என்று நம்பிவிடும். கார் கம்பெனியின் சின்னம், சில சமயம் சாமி படம்கூட அதன் தலையில் பொறித்திருக்கும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போட்டு இதை எடுக்கச் செய்தது. 13,118 விளம்பரங்கள் நீக்கப்பட்டன. ஒரு சின்ன இரும்புத் துண்டுக்கு இத்தனை கிராக்கி இருந்திருக்கிறது என்பதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. அதை வாங்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை. மணிச் சத்தம் தொல்லை, கிளிப் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

ஏர்பேக் வந்த பிறகு எங்கள் தொழிலே மாறிவிட்டது. அது வரை சீட் என்பது கம்பி, ஃபோம், துணி. அதற்குப் பிறகு சீட் ஒரு மிஷின். டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயம், பக்கத்து சீட்டுக்கும் அடுத்த சில வருஷத்தில் வந்துவிட்டது. அதற்கு முன்பே விலை உயர்ந்த வண்டிகளில் சீட்டின் பக்கவாட்டுக்குள் ஏர்பேக் இருந்தது. கதவைத் திறந்து சீட்டின் வெளிப்புற ஓரத்தைப் பார்த்தால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு துணிச் சீட்டு தைத்திருக்கும். ஏர்பேக் என்று எழுதியிருக்கும். அந்த இடத்தில் தையல் வேண்டுமென்றே பலவீனமாக இருக்கும். பை உப்பும்போது அந்த நூல் அறுந்து வழிவிட வேண்டும். முன்னால் வரும் ஏர்பேக் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் உப்பிவிடும். பக்கவாட்டில் உடம்புக்கும் கதவுக்கும் இடையில் ஒரு சாண்தான் என்பதால் இது அதைவிடவும் சீக்கிரம் வெளியே வந்தாக வேண்டும். அதன் மேல் இரட்டைத் தையல் போட்ட கனமான உறையை மாட்டி இழுத்துக் கட்டினால் பை எங்கே போகும்? உறைக்குள்ளேயே சுருண்டுகொள்ளும், இல்லையென்றால் தப்பான பக்கம் பிதுங்கும்.

ஒருநாள் மாலை ஓர் இளைஞர் வண்டியோடு வந்தார். வேறு இடத்தில் புது உறை போட்டிருந்தார், டயமண்ட் தையல், பழுப்பு நிறம், கை வேலை சுத்தம். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கிறது, அந்த விளக்கை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சீட்டுக்கு அடியில் படுத்தேன். ஏர்பேக் வயர் அநேகமாக எல்லா வண்டியிலும் மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும். தெரியாதவர் கைவைக்கக் கூடாது என்பதற்கான நிறம் அது. உறையின் கொக்கிக் கயிற்றை இழுத்துக் கட்டும்போது அந்த மஞ்சள் சாக்கெட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சாக்கெட் பாதி கழன்று தொங்கியது. பக்கவாட்டைத் தடவினேன்: ஏர்பேக் வாய் முழுக்க மூடியிருந்தது. விளக்கை எடுக்க வந்தவரிடம், விளக்கு சொல்வது உண்மை என்று விளக்கினேன். அவர் மனைவியை வரவழைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வண்டியின் பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு உறையை எடுத்தேன். இணைப்பைத் திரும்ப மாட்டி, சாக்கெட்டை மட்டும் கம்பெனி சர்வீஸில் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினேன். அதே பழுப்பு நிறத்தில், பக்கவாட்டு திறந்த உறையைப் பிறகு நானே தைத்துக் கொடுத்தேன். டயமண்ட் தையலையும் விட்டுவைத்தேன், நடுப்பாகத்துக்கு மட்டும். அவர் ரசனையில் ஒரு குறையும் இல்லை.

சாமி விஷயம் இதைவிடக் கஷ்டம். பக்கத்து சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் மெல்லிய கோடு ஓடும், சில வண்டியில் அதுவும் தெரியாது. ஏர்பேக்கின் மூடி அது. சரியாக அந்த மூடியின் நடுவில்தான் பித்தளைப் பிள்ளையாரை ஒட்டுவார்கள், ஏனென்றால் அங்கேதான் சமமான இடம் இருக்கிறது. ஒரு வயதான அம்மா பழனியிலிருந்து வாங்கி வந்த முருகனை மகனின் புது வண்டியில் வைக்கச் சொன்னார். நான் தயங்குவதைப் பார்த்து, "சாமி வெக்கறதுக்குக் கூட யோசிப்பியா தம்பி?" என்றார். "இந்த மூடிக்கு அடில ஒரு பை இருக்கும்மா. வண்டி மோதினா வெடிச்சு மேல வரும். அப்ப முருகன் உங்க மருமக முகத்துக்கு நேரா வருவாரு" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப எங்க வெப்ப?" கியருக்கு முன்னால் கீழே ஒரு சின்னக் குழி இருந்தது, போன் வைக்கும் இடம். அதற்குள் பச்சை வெல்வெட் ஒட்டி, முருகனை அதில் நிற்கவைத்து, அசையாமல் பிடிப்புக் கொடுத்தேன். டிரைவர் கண்ணுக்கு மறைக்கவும் இல்லை. "காலடிக்குக் கிட்ட ஆச்சே" என்றவர், கை எட்டும் உயரம்தான், கால் அங்கே வராது என்று உட்கார்ந்து பார்த்த பிறகு சமாதானமானார். அதன் பிறகு நிறையப் பேருக்கு அந்த இடத்தைக் காட்டியிருக்கிறேன். டேஷ்போர்டில் நிற்கும் சென்ட் பாட்டிலுக்கு மட்டும் எங்கேயும் இடம் கொடுக்க மனசு வருவதில்லை. கண்ணாடிப் பாட்டில், கனம், பிரேக் போட்டாலே உருளும்.

டேஷ்போர்டு ஏன் மங்கலான கறுப்பிலும் சாம்பலிலும் இருக்கிறது என்று ஒரு சினிமா ஆர்ட் டைரக்டர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு வெள்ளை வேண்டும். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து டேஷ்போர்டில் விரித்து, மத்தியான வெயிலில் அவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். முன்கண்ணாடி முழுக்கத் துண்டு தெரிந்தது, சாலை பாதிதான் தெரிந்தது. மேல்பகுதியைக் கறுப்பாகவே விட்டு, கீழ்ப்பகுதிக்கும் கதவுக்கும் தந்த நிறம் கொடுத்தோம். பளபளக்கும் பாலிஷை டேஷ்போர்டில் தேய்ப்பவர்கள் தங்கள் கண்ணாடியிலேயே இன்னொரு கண்ணாடியை வைத்துக்கொள்கிறார்கள். சென்னை வெயிலுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய காலமும் உண்டு. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கத்தில் 50 சதவீதமும் வெளிச்சம் புக வேண்டும் என்பது விதி. சோப்புத் தண்ணீரும் பிளேடுமாக அந்த மே மாதம் முழுக்க உரித்தோம். பலருக்கு அதன் பிறகுதான் இரவில் ரிவர்ஸ் எடுப்பது இத்தனை சுலபமா என்று தெரிந்தது.

வயரிங் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்து, குடும்பத்தோடு இறங்கித் தப்பித்த ஒருவர், உள்ளே கருகிய வண்டியை எங்களிடம் சீட் வேலைக்குக் கொண்டுவந்தார். கார்ப்பெட்டைத் தூக்கினேன். பாட்டுக்காகப் போட்ட ஆம்ப்ளிஃபயரின் மெயின் வயர் எஞ்சின் பக்கத்திலிருந்து தகரத்தைத் துளைத்து உள்ளே வந்திருந்தது. ஓட்டைக்கு ரப்பர் குரோமெட் போடவில்லை. வண்டி அதிர அதிரத் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்திருக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அது போய்விட்டிருக்கும், தீ வந்திருக்காது. அதுவும் இல்லை. குரோமெட்டும் ஃபியூஸும் சேர்த்து ஒரு சாப்பாட்டுக் காசு. கால்மாட்டில் நீல வெளிச்சம், கதவில் ஊதா வெளிச்சம் என்று இப்போது கேட்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. இரவில் கண்ணைக் குத்தாத அளவுக்கு மங்கலாக்கி, ஃபியூஸ் வைத்து, இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாமல் முறையாக இணைப்புப் போட்டுத் தருவேன். வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி ஒரே கோடையில் கழன்றுவிடும்.

மேட்டுக்கு வருகிறேன். 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில், நெடுஞ்சாலைப் போலீஸ் அதிகாரி ஒருவர் டீலரிடம் இரவலாக வாங்கிய லெக்சஸில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார். வேறொரு மாடலுக்கான ரப்பர் மேட்டைப் போட்டிருந்தார்கள், அது ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டது. நான்கு பேரும் இறந்தார்கள். அடுத்த மாதமே 38 லட்சம் வண்டிகளின் மேட்டைப் பற்றி எச்சரிக்கை வந்தது. ஓட்டத் தெரியாதவரா அவர்? வண்டி ஓட்டுவதே தொழிலாக இருந்தவர். இதை நான் கடைப் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் இங்கே இப்போது பெட்டி மாதிரி தைத்த கனமான மேட்டுக்கு மவுசு. கம்பெனி மேட்டை எடுக்காமல் அதன் மேலேயே இதைப் போடுவார்கள். தரையில் இருக்கும் கொக்கி மறைந்துவிடும், மேட் முன்னால் நகரும். அந்த ஆசிரியையின் ஜமக்காளத்தை முன்பக்கம் போட மாட்டேன் என்று மாமா சொன்னது 2009க்கு ரொம்ப முன்னால்.

மாமா இப்போது இல்லை. கடையை நான் நடத்துகிறேன். சாவி கொடுப்பதற்கு முன் பையன்கள் வண்டியின் எல்லா சீட்டிலும் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டிக் கழற்றிக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் பில். குழந்தை சீட்டை மாட்டுவதற்கான இரும்புக் கொக்கி பின்சீட்டின் இடுக்கில் இருக்கிறது. அதற்கும் உறையில் வாய் வெட்டுகிறோம். கைக்குழந்தை இருக்கிறதா என்று நான் கேட்டால் சில புதுத் தம்பதிகள் வெட்கப்படுவார்கள். வெட்டித்தான் கொடுப்பேன்.

கம்பெனிகள் இதையெல்லாம் கையேட்டில் எழுதித்தான் வைத்திருக்கின்றன, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பையன் அதைப் பார்ப்பதே இல்லை, பார்த்தாலும் படிக்க முடியாது. ஒவ்வொரு மாடலுக்கும் எங்கே தைக்கக் கூடாது, எந்த வயரைத் தொடக் கூடாது என்று தமிழில் ஒரு பக்கப் படம் அச்சடித்துக் கடைக்குக் கடை கொடுத்தால் பெரிய செலவில்லை. அதுவரை நாங்கள் போனில் கேட்டுக்கொள்கிறோம். எங்களிடம் வேலை கற்ற ஒரு பையன் திருநெல்வேலியில் சொந்தக் கடை போட்டிருக்கிறான். போன வாரம் கூப்பிட்டு, புது மாடல் ஒன்று வந்திருக்கிறது, ஓரத்தில் ஏர்பேக் துணிச் சீட்டு எதுவும் காணோம், உறை ரெடியாக வந்துவிட்டது, மாட்டலாமா அண்ணே என்றான். டேஷ்போர்டு, கதவுத்தூண், சீட்டின் இரண்டு ஓரம் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டிரைவர் சீட்டின் வெளி ஓரத்தில், ஃபோமுக்குள் பாதி மடங்கி, அந்தத் துணிச் சீட்டு இருந்தது. பெரிதாக்கி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். உறையின் பக்கவாட்டை அளந்து பார்த்தான். முழுக்க மூடிய தையல். செய்தவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, கஸ்டமரிடம் ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கிறான்.